அண்டை மாநிலங்களின் தொழிற்பயிற்சிக் கொள்கை: ஓர் ஒப்பீடு

மும்பை மாநகரின் வடகிழக்கே அமைந்துள்ள கல்யாண், 1854-ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை எட்டிய ஊர். நாசிக் நோக்கிச் செல்லும் பாதையும் புனே நோக்கிச் செல்லும் பாதையும் இங்குதான் பிரிகின்றன. அருகே அம்பர்நாத்தில் படைக்கலத் தொழிற்சாலை உள்ளது. டோம்பிவிலியில் இரசாயன ஆலைகளும் பொறியியல் கூடங்களும் நிறைந்த தொழிற்பேட்டை உள்ளது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் முதலில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பல, வீட்டு வாடகை உயர உயர இருப்புப்பாதை வழியே நகர்ந்து கல்யாணிலும் டோம்பிவிலியிலும் உல்லாஸ்நகரிலும் நிலைபெற்றன. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி மகாராஷ்டிரத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 5 லட்சம் பேர்.

இத்தகைய குடும்பத்தில் பத்தாம் வகுப்புத் தேறிய ஓர் இளைஞன் தொழில் கற்க விரும்பினால், அவன் முன்னே இரண்டு வழிகள் உண்டு. அம்பர்நாத்திலுள்ள அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேரலாம். அல்லது சொந்த ஊருக்குச் சென்று, திருநெல்வேலி பேட்டையில் உள்ள அரசு நிலையத்தில் சேரலாம். இரண்டிலும் பொருத்துநர் தொழிலுக்கான பாடத்திட்டம் ஒன்றே, தேர்வும் ஒன்றே. ஆயினும் கிடைக்கும் உதவித்தொகை, இட ஒதுக்கீடு, பயிற்சி மொழி, படிப்பு முடிந்தபின் அரசு நீட்டும் கை ஆகியவை ஒன்றல்ல. இவ்வேறுபாடுகள் எவ்வாறு தோன்றின, அவற்றுள் எவை நன்மை பயப்பவை, எவை களையப்பட வேண்டியவை என்பதை ஆராய்வது மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் பயன் தரும்.

அதிகாரப் பங்கீடு

அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது கல்வி, மாநிலப் பட்டியலில் இருந்தது. ஆனால் தொழிலாளருக்கான தொழில், தொழில்நுட்பப் பயிற்சி தொடக்கத்திலிருந்தே பொதுப் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தம் கல்வியையும் பொதுப் பட்டியலுக்கு மாற்றி, இரண்டையும் 25-ஆம் பதிவின்கீழ் ஒன்றிணைத்தது. எனவே இத்துறையில் மத்திய அரசும் மாநில அரசுகளும் சட்டம் இயற்றலாம்.

கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-இல் மத்திய அரசால் தொடங்கப்பட்டது. 1956-இல் பயிற்சி நிலையங்களின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் ஆகியவற்றின் தரத்தை வகுக்கும் பொறுப்பு, அதே ஆண்டில் அமைக்கப்பெற்ற தேசியக் குழுவிடம் இருந்தது. தேசியத் தொழிற்பயிற்சிக் குழு எனப் பின்னர் வழங்கிய அக்குழுவின் பணிகளை, 2018-ஆம் ஆண்டு அறிவிக்கை மூலம் நிறுவப்பட்ட தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சி மன்றம் ஏற்றுக்கொண்டது. சுருங்கக் கூறின், என்ன கற்பிப்பது என்பதை மையம் வகுக்கிறது. எங்கே, யாருக்கு, எவ்வளவு உதவியுடன் கற்பிப்பது என்பதை மாநிலம் முடிவு செய்கிறது.

தொழில் பழகுநர் பயிற்சியிலும் இத்தகைய பங்கீடே உள்ளது. 1961-ஆம் ஆண்டின் பழகுநர் சட்டப்படி, இரயில்வே போன்ற மத்திய நிறுவனங்களுக்கு மத்திய அரசே உரிய அரசாகும். 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் இயங்கும் நிறுவனங்களும் மத்திய அரசின் வரம்பில் வந்தன. ஏனைய தனியார் நிறுவனங்களுக்கு மாநில அரசே பொறுப்பு. ஆகவே, மாட்டுங்கா இரயில்வே பணிமனையில் பழகும் இளைஞனும் டோம்பிவிலியில் சிறு ஆலை ஒன்றில் பழகும் அவன் தம்பியும் ஒரே சட்டத்தின்கீழ், இருவேறு அரசுகளின் மேற்பார்வையில் உள்ளனர்.

நிர்வாக அமைப்பு

தமிழ்நாட்டில் தொழிற்பயிற்சி நிலையங்கள் தொழிலாளர் துறையின்கீழ் வருகின்றன. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அவற்றை நடத்துகிறது. கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி அளிக்க 2022 மார்ச் 1-ஆம் நாள் தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டம், தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் வாயிலாக நடத்தப்பெறுகிறது. ஆண்டுக்கு 10 லட்சம் இளைஞர்கள் என்பது அதன் இலக்கு. பட்டறைத் தொழிலும் கல்லூரித் திறனும் இவ்வாறு இரு வாய்க்கால்களில் ஓடுகின்றன.

மகாராஷ்டிரத்தில் இத்துறை நெடுங்காலம் கல்வியின் குடையின்கீழ் இருந்தது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்திலிருந்து 1984-இல் தொழிற்கல்வி மற்றும் பயிற்சி இயக்ககம் பிரிக்கப்பட்டது. மேல்நிலை வகுப்புகளில் குறைந்தபட்சத் தேர்ச்சித் தொழிற்பாடங்கள் 1988-89-இல் தொடங்கப்பட்டன. பின்னர் திறன் மேம்பாட்டிற்கெனத் தனித்துறை உருவாக்கப்பட்டு, பயிற்சி நிலையங்கள் அதன்கீழ் கொண்டுவரப்பட்டன. திறன் பல்கலைக்கழகம் ஒன்றையும் இம்மாநிலம் சட்டமியற்றி நிறுவியது. அது 2024-இல் இரத்தன் டாடாவின் பெயரைப் பெற்றது.

இவ்விரு மாநிலங்களுக்கும் இடையே அமைந்த கர்நாடகம், திறன் மேம்பாடு, தொழில்முனைவு, வாழ்வாதாரம் ஆகிய மூன்றையும் ஒரே துறையில் இணைத்தது. 1972-இல் டென்மார்க் நாட்டின் உதவியுடன் பெங்களூரில் நிறுவப்பட்ட அரசுக் கருவிக்கூடப் பயிற்சி மையம் இம்மாநிலத்தின் தனிச்சிறப்பு. உற்பத்தியும் பயிற்சியும் ஒரே கூரையின்கீழ் நடைபெற வேண்டும் என்ற கருத்து அங்கே முன்னதாகவே வேரூன்றியது.

பரப்புவதா, ஆழப்படுத்துவதா?

மகாராஷ்டிரத்தில் 400-க்கு மேற்பட்ட அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் உள்ளன. வட்டந்தோறும் ஒரு நிலையம் என்பது அதன் நெடுநாள் நோக்கம். சிற்றூர் மாணவன் வீட்டிலிருந்தே சென்று பயிலலாம் என்பது இதன் நன்மை. ஆனால் நிலையங்கள் பெருகும்போது ஒவ்வொன்றிற்கும் புதிய எந்திரங்களும் தகுதி பெற்ற பயிற்றுநர்களும் கிடைப்பது கடினமாகிறது.

கர்நாடகமும் தமிழ்நாடும் அண்மையில் வேறு வழியை நாடின. கர்நாடகம் 150 அரசு நிலையங்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து ஏறத்தாழ 4,636 கோடி ரூபாய் மதிப்பில் புதுப்பிக்கத் திட்டமிட்டது. தமிழ்நாடு அதே நிறுவனத்துடன் 71 நிலையங்களுக்கு ஏறத்தாழ 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தை மேற்கொண்டது. சராசரியாகப் பார்த்தால் ஒரு நிலையத்திற்குக் கர்நாடகத்தில் சுமார் 31 கோடியும் தமிழ்நாட்டில் சுமார் 40 கோடியும் ஆகின்றன. கணினிவழி எந்திரங்கள், இயந்திர மனிதக் கருவிகள், மின்வாகனத் தொழில்நுட்பம் போன்றவை இரண்டிலும் இடம்பெற்றன.

ஒரு மாநிலம் செய்ததைக் கண்டு மற்றொரு மாநிலம் தன் தேவைக்கேற்ப மாற்றிச் செய்வதற்கு இது நல்ல சான்று. கூட்டாட்சியின் பயன் இதுவே. எனினும், எந்திரம் வாங்குவது பணியின் பாதிதான். அதை இயக்கக் கற்பிக்கும் ஆசிரியரும், பழுது நீக்கும் ஏற்பாடும், தடையற்ற மின்சாரமும், பயின்றவரை ஏற்கும் தொழிற்சாலையும் இல்லையேல் எந்திரம் காட்சிப்பொருளாகிவிடும். 2025 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 60,000 கோடி ரூபாய்த் திட்டம், நாடெங்கும் 1,000 அரசு நிலையங்களை மேம்படுத்த முனைகிறது. இதில் மத்திய அரசின் பங்கு 30,000 கோடி, மாநிலங்களின் பங்கு 20,000 கோடி, தொழில்துறையின் பங்கு 10,000 கோடி. முன்னரே முதலீடு செய்த மாநிலங்களின் அனுபவம் இதற்கு வழிகாட்ட வேண்டும்.

உதவி எப்போது வருகிறது?

மூன்று மாநிலங்களின் கொள்கைகளும் தெளிவாக வேறுபடும் இடம் ஒன்று உண்டு. இளைஞரின் கையில் அரசு எப்போது பணம் தருகிறது என்பதே அது.

தமிழ்நாடு படிக்கும் காலத்தில் தருகிறது. அரசுப் பயிற்சி நிலைய மாணவர்களுக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. இதனுடன், 2022 செப்டம்பர் 5-ஆம் நாள் தொடங்கிய 'புதுமைப் பெண்' திட்டம், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்று உயர்கல்வியில் சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்குகிறது. தொழிற்பயிற்சி நிலையமும் பட்டயப் படிப்பும் இதில் அடங்கும். 2024 ஆகஸ்டில் தொடங்கிய 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் இதனை மாணவர்களுக்கும் நீட்டித்தது. வறுமையால் படிப்பு இடையில் நின்றுவிடக் கூடாது என்பதே இதன் அடிப்படை.

மகாராஷ்டிரம் 2024-இல் தொடங்கிய முதலமைச்சர் இளைஞர் செயற்பயிற்சித் திட்டம், படிப்பு முடித்து ஒரு நிறுவனத்தில் பயிற்சி பெறும் காலத்தில் பணம் தருவது. ஆறு மாதப் பயிற்சியாக வகுக்கப்பட்ட அத்திட்டத்தில், பன்னிரண்டாம் வகுப்புத் தேறியோருக்கு மாதம் 6,000 ரூபாயும், தொழிற்பயிற்சி அல்லது பட்டயம் பெற்றோருக்கு 8,000 ரூபாயும், பட்டதாரிகளுக்கு 10,000 ரூபாயும் விதிக்கப்பட்டன. பயிற்சி நிலையத்தில் படிக்கும் காலத்து உதவியோ நெடுங்காலம் மாதம் 40 ரூபாயாகவே இருந்து, 2023-இல்தான் 500 ரூபாயாக உயர்த்த முடிவு செய்யப்பட்டது.

கர்நாடகத்தின் 'யுவநிதி' திட்டம் படிப்பு முடிந்து வேலை கிடைக்காத காலத்தில் தருவது. 2022-23-ஆம் கல்வியாண்டில் தேறியோர் முதல், பட்டதாரிகளுக்கு மாதம் 3,000 ரூபாயும் பட்டயம் பெற்றோருக்கு 1,500 ரூபாயும், வேலை கிடைக்கும்வரை அல்லது இரண்டு ஆண்டுகள்வரை வழங்க இத்திட்டம் வகை செய்தது.

இம்மூன்றும் ஒரே நோயைப் பற்றிய மூன்று விதமான கணிப்புகள் எனலாம். இளைஞர்கள் படிப்பை முடிப்பதில்லை என்று தமிழ்நாடு கருதுகிறது. முடித்தவர்க்கு வேலை அனுபவம் இல்லை என்று மகாராஷ்டிரம் கருதுகிறது. அனுபவம் பெறும்வரை தாங்கி நிற்க வழியில்லை என்று கர்நாடகம் கருதுகிறது. மூன்று கணிப்பிலும் உண்மை உண்டு. ஆனால் ஏழை மாணவன் முதலில் இடறுவது படிக்கும் காலத்தில்தான். பேருந்துக் கட்டணத்திற்கும் மதிய உணவிற்கும் பணமின்றி இரண்டாம் ஆண்டில் நின்றுவிட்டவனுக்கு, பின்னர் வரும் 8,000 ரூபாய் எட்டாக் கனியே. மறுபுறம், படிக்கும்போது மட்டும் உதவிவிட்டு, பட்டறை வாசலில் கைவிடுவதும் முழுமையான கொள்கையாகாது.

பயிற்சிக்குப் பின் வேலை

பயிற்சியும் வேலையும் இணையாதபோது என்ன நேரும் என்பதை மும்பை 2018 மார்ச் 20-ஆம் நாள் கண்டது. இரயில்வேயில் பழகுநர் பயிற்சி முடித்த நூற்றுக்கணக்கான இளைஞர்கள் அன்று காலை மாட்டுங்காவுக்கும் தாதருக்கும் இடையே தண்டவாளத்தில் அமர்ந்தனர். புறநகர் இரயில் போக்குவரத்து சில மணி நேரம் நின்றது. பயிற்சி பெற்றோருக்கு 20 விழுக்காடு இடம் என்ற வரம்பை நீக்கி, அனைவரையும் பணியில் அமர்த்த வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. பழகுநருக்கு வேலை தரும் கட்டாயம் சட்டத்தில் இல்லை. ஆயினும் பயிற்சியே வேலைக்கு வாயில் என்று நம்பி இளமையின் சில ஆண்டுகளைச் செலவிட்டவரின் ஏமாற்றம் எளிதில் ஒதுக்கத் தக்கதன்று.

2019-ஆம் ஆண்டின் விதிகள், 30 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் கொண்ட நிறுவனங்கள் தம் ஊழியர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடுவரை பழகுநரை அமர்த்த வேண்டும் எனக் கூறின. குறைந்தபட்ச உதவித்தொகையையும் கல்வித் தகுதிக்கேற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய்வரை நிர்ணயித்தன. விதி இருந்தும், அதை நிறுவனந்தோறும் சென்று நடைமுறைப்படுத்தும் மாநில அலுவலரின் ஊக்கமே பயனைத் தீர்மானிக்கிறது.

மாநில எல்லையில் நிற்கும் உரிமைகள்

மாநிலங்கள் வேறுபட்ட கொள்கைகளை வகுப்பது இயல்பு, விரும்பத்தக்கதும்கூட. ஆனால் எல்லை கடந்து வாழும் குடும்பங்களுக்கு அவ்வேறுபாடு சுமையாகிறது. கல்யாணில் பள்ளிப் படிப்பை முடித்த தமிழ் மாணவி திருநெல்வேலியில் பயிற்சிக்குச் சேர்ந்தால், தமிழ்நாட்டுப் பள்ளியில் பயிலாத காரணத்தால் மாதம் 1,000 ரூபாய் உதவிக்கு உரியவள் ஆவதில்லை. திருநெல்வேலியில் பயின்று கல்யாணுக்கு வரும் இளைஞன், மகாராஷ்டிரத்தில் வதிவிடச் சான்று பெறும்வரை அம்மாநிலத்தின் செயற்பயிற்சித் திட்டத்தில் சேர இயலாது.

இட ஒதுக்கீட்டில் இச்சிக்கல் இன்னும் ஆழமானது. அரசியலமைப்பின் 341, 342-ஆம் பிரிவுகளின்படி பட்டியல் சாதிகளும் பழங்குடிகளும் அந்தந்த மாநிலம் தொடர்பாகவே அறிவிக்கப்படுகின்றனர். மத்திய அரசின் உர நிறுவனத்தில் பணியாற்றிய தந்தையுடன் ஆந்திரத்திலிருந்து வந்து, மும்பையில் மருத்துவக் கல்லூரி இடம் கோரிய பழங்குடி மாணவர் ஒருவரின் வழக்கில், உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. பிறந்த மாநிலத்தில் பெற்ற தகுதி, குடிபெயர்ந்த மாநிலத்திற்குத் தொடர்ந்து வராது என்பதே அத்தீர்ப்பு. 1994-இல் அரசியல் சாசன அமர்வு ஒன்றும் இந்நிலையை உறுதி செய்தது. இதன்படி, 1950 ஆகஸ்ட் 10-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆணைக்குப் பின் தாராவிக்கு வந்த ஆதிதிராவிடக் குடும்பத்தின் பேரக்குழந்தை, மும்பையிலேயே பிறந்து வளர்ந்திருந்தும், மாநில ஒதுக்கீட்டில் தொழிற்பயிற்சி இடம் கோர இயலாத நிலை உள்ளது. குடியேறிய மாநிலத்தின் பின்தங்கிய மக்களுக்குரிய இடம் குறைந்துவிடக் கூடாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் மூன்றாம் தலைமுறைக்கும் இரு மாநிலங்களிலும் உரிமை இல்லாத நிலை ஏற்படுவது சமூக நீதியின் நோக்கமாக இருந்திருக்க முடியாது.

மொழியும் இத்தகைய எல்லையே. மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்தி வந்துள்ளது என்பது போற்றத்தக்கது. ஆயினும் பயிற்சிக் கூடத்தில் பேச்சு மராத்தியிலோ இந்தியிலோ அமைகிறது. நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ்நாடு 2006-இலும், கர்நாடகம் 2015-இலும், மகாராஷ்டிரம் 2020-இலும் தத்தம் மாநில மொழியைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கிச் சட்டம் இயற்றின. மூன்று சட்டங்களின் நோக்கமும் ஒன்றே. வந்தேறிய மாணவர்க்கு மாநில மொழியைக் கற்பிப்பது அவர்களுடைய வேலைவாய்ப்பிற்கும் உதவும். ஆனால் தொழிற்பாடத்தின் தொடக்க மாதங்களில் இணைப்பு வகுப்பு நடத்தினாலன்றி அதன் பயன் முழுமை பெறாது.

பிற நாடுகளின் அனுபவம்

ஜெர்மனியிலும் கல்வி மாநிலங்களின் பொறுப்பே. ஆனால் தொழிற்சாலைக்குள் நடக்கும் பயிற்சியை 1969-ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் நெறிப்படுத்துகிறது. தொழிற்பள்ளிகளை மாநிலங்கள் நடத்துகின்றன. இரண்டின் பாடத்திட்டமும் கூடிப் பேசி இசைவிக்கப்படுகிறது. ஆகவே ஹம்பர்க்கில் பயின்றவனின் சான்றிதழைப் பவேரியாவின் முதலாளி ஐயமின்றி ஏற்கிறார்.

பிரிட்டனில் 1999 முதல் ஸ்காட்லாந்தும் வேல்சும் தத்தம் கல்விக் கொள்கையை வகுத்து வருகின்றன. பதினாறு வயதுக்கு மேல் படிப்போருக்கான உதவித்தொகையை இங்கிலாந்து 2011-இல் நிறுத்தியது; ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவை தொடர்ந்தன. 2017-இல் வந்த பழகுநர் வரி நாடு முழுவதற்கும் ஒரே விதமாக வசூலிக்கப்பட்டாலும், அப்பணத்தைச் செலவிடும் முறை நாட்டுக்கு நாடு வேறுபட்டது. பல பகுதிகளில் கிளை வைத்திருக்கும் நிறுவனங்கள் இதனால் குழப்பமுற்றன. தரத்தை ஒன்றாகவும் உதவியைப் பலவாகவும் வைக்கும்போது, இரண்டையும் இணைக்கும் பாலம் தேவை என்பதே இவ்விரு நாடுகளும் தரும் பாடம்.

செய்ய வேண்டியவை

நம் நாட்டில் 19 முதல் 24 வயதுவரை உள்ள உழைப்பாளருள் முறையான தொழிற்கல்வி பெற்றோர் 5 விழுக்காட்டிற்கும் குறைவே என்ற 12-ஆம் ஐந்தாண்டுத் திட்ட மதிப்பீட்டை 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை எடுத்துக்காட்டியது. அமெரிக்காவில் இது 52, ஜெர்மனியில் 75, தென்கொரியாவில் 96 விழுக்காடு. 1986-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவரில் 25 விழுக்காட்டினரை 1995-க்குள் தொழிற்பிரிவிற்குத் திருப்ப இலக்கு வைத்து, அதை எட்டவில்லை. இலக்கை அறிவிப்பதைவிட இடையூறுகளை அகற்றுவதே கடினமான பணி.

முதலாவதாக, உதவித்தொகை மாணவரைப் பின்தொடர வேண்டும். 2019-இல் தொடங்கி 2022-க்குள் அனைத்து மாநிலங்களையும் எட்டிய 'ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை' ஏற்பாடு, மாநில எல்லையைக் கடந்து உரிமையைக் கொண்டுசெல்ல முடியும் என்பதை மெய்ப்பித்தது. அண்டை மாநிலங்கள் தமக்குள் உடன்பாடு செய்து, குடிபெயர்ந்த மாணவரின் உதவிச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்.

இரண்டாவதாக, தலைமுறை கடந்து குடியிருக்கும் பட்டியல் இனக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, உள்ளூர் ஒதுக்கீட்டைக் குறைக்காமல், கூடுதல் இடங்களை உருவாக்குவது குறித்து மத்திய, மாநில அரசுகள் ஆராய வேண்டும்.

மூன்றாவதாக, சேர்க்கை எண்ணிக்கையை மட்டும் வெளியிடாமல், தேறியோர், பழகுநர் ஆனோர், ஓராண்டிற்குப் பின் வேலையில் நீடித்தோர் ஆகிய எண்ணிக்கைகளை ஒரே முறையில் எல்லா மாநிலங்களும் வெளியிட வேண்டும். அப்போதுதான் மூன்று விதமான உதவித் திட்டங்களில் எது எவ்வளவு பயன் தந்தது என்று உண்மையாக ஒப்பிட இயலும்.

மாணவர்கள் தம் அளவில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. தேசிய அளவிலான தொழிற் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். மாநிலக் குழுவின் சான்றிதழுக்கு அத்தகைய பரந்த ஏற்பு எப்போதும் கிட்டுவதில்லை. எனவே எந்தச் சான்றிதழ் கிடைக்கும் என்பதைச் சேருமுன் கேட்டறிதல் நன்று. பத்தாம் வகுப்பிற்குமுன் படிப்பை நிறுத்திப் பயிற்சி பெற்றவர்கள், 2016-ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி தேசியத் திறந்தநிலைப் பள்ளி வாயிலாகப் பள்ளிச் சான்றிதழுக்குச் சமமான தகுதியைப் பெற வழி உண்டு.

கல்யாண் சந்திப்பில் இரு திசைப் பாதைகள் பிரிந்தாலும் தண்டவாளத்தின் அகலம் ஒன்றே. அதனால்தான் வண்டிகள் தடையின்றி ஓடுகின்றன. மாநிலங்கள் தத்தம் திசையில் செல்லட்டும். ஆனால் கற்ற தொழிலும், பெற்ற சான்றும், உரிய உதவியும் எல்லையில் இறக்கிவிடப்படாமல் இளைஞருடன் பயணம் செய்யும் நிலை உருவாக வேண்டும். உழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் சென்ற குடும்பங்களுக்கு நாடு செலுத்த வேண்டிய கடமை அது.